இரண்டு கண்ணும் நன்று

முதலில் இடது கண்ணை மூடச் சொன்னார் கம்பவுண்டர் அனந்தபத்மநாபன். அசன் முகைதீனுக்குப் போன உயிரில் பாதி திரும்பி வந்தது.

வலது கண் நல்ல கண். எதிர்ச் சுவரில் ஆணியில் தொங்கிய படத்திலிருந்த இங்கிலீஷ் எழுத்துகளை மேலிருந்து கடைசி வரி வரை தடங்கலில்லாமல் படித்தான்.

மீஞ்சூர் அரிசி மில்லின் ஆபீஸ் அறை அது. மேஜைக்குப் பின்னால் குத்துச்சண்டை சங்கத்தின் செகரெட்டரி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் ஒரு காகிதம் இருந்தது. இரண்டு கண்ணும் நன்று என்று கம்பவுண்டர் அதில் எழுதிவிட்டால், வருகிற ஞாயிற்றுக்கிழமை சாம்பியன் சுப்பராயனோடு மோதப்போவது அசன். எழுதாவிட்டால் திருவள்ளூர் வீரராகவன்.

நியாயமாகப் பார்த்தால் வீரராகவனுக்குத்தான் அந்த வாய்ப்பு. ஐம்பத்தாறாம் வருஷத்துத் தை மாதம் அவன் அசனை ஐந்தாவது ரவுண்டிலேயே படுக்கப் போட்டிருந்தான். அதைப் பார்க்காதவர்கள்கூடப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அதற்கு முன்னால் நான்கு வருஷம், பதினோரு பேரை வரிசையாக அடித்துவிட்டு, அசன் இதே சங்கத்தின் வாசலில் நின்றிருக்கிறான். பார்க்கலாம், பார்க்கலாம் என்றார்கள். தோற்று மூன்று மாதம் ஆனபிறகு, சாம்பியனோடு மோத அழைத்துச் சங்கத்தின் கடிதம் அவன் ஊரான பழவேற்காட்டுக்கு வந்தது. கடைசியில் நம் அருமை தெரிந்துவிட்டது என்று அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எந்தக் கண்ணில் என்று கேட்கக் கூடாது.

தை மாதத்து அடிக்குப் பிறகு இடது கண்ணில் பால் ஊற்றின மாதிரி ஒரே வெள்ளை. மதராஸில் ஒரு கண் டாக்டர், அதில் இன்னொரு அடி விழுந்தால் நல்ல கண்ணையும் சேர்த்துக் கொண்டுபோய்விடலாம் என்று சொல்லி அனுப்பினார். அது அசனுக்கும் மனைவி சாலிஹாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

"இப்போ அந்தக் கண்ணு. அட்டையை நன்னா அழுத்திப் பிடிச்சுக்கோ" என்றார் கம்பவுண்டர்.

அசன் வலது கண்ணை அட்டையால் மறைத்தான்.

வெள்ளை. வெள்ளைக்குள் ஒரு நிழல் சுவர்ப் பக்கம் நகர்ந்தது. காகிதம் சரசரத்தது. காற்றாக இருக்கும் என்று நினைத்தான். கயிற்றுக்குள் நின்று பதினோரு பேரைப் பார்த்தவன், ஒரு கம்பவுண்டருக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து நடுங்கினான்.

சாலிஹா இந்தச் சண்டையே வேண்டாம் என்று அழுதவள். ஆனால் அவன் நான்கு வருஷம் தூங்காததைப் பார்த்தவளும் அவள்தான். வயிற்று வலி என்று மூன்று தடவை பொன்னேரி டாக்டரிடம் போய், அங்கே தொங்கிய இதே படத்தை வரிவரியாக மனதில் வாங்கி வந்தாள். அழுதுகொண்டே அவனை ஒப்பிக்க வைத்தாள்.

"கடகடன்னு சொல்லிடாதீங்க. கடைசி வரியில கொஞ்சம் முழிங்க. அப்பதான் நம்புவாங்க."

அசன் ஆரம்பித்தான். முதல் வரி. இரண்டாவது. மூன்றாவதில் நிதானித்தான். கடைசி வரி வந்ததும் கண்ணைச் சுருக்கி, கழுத்தை முன்னால் நீட்டி, "டி... இல்ல இல்ல, எஃப்பு" என்று திருத்திக்கொண்டான். சாலிஹா பார்த்திருந்தால் மெச்சியிருப்பாள்.

"போறும்பா. எடுத்துடு." என்றார் கம்பவுண்டர்.

அசன் அட்டையை எடுத்தான்.

சுவரில் ஆணி மட்டும் இருந்தது. எழுத்துப் படம் சுருட்டப்பட்டுக் கம்பவுண்டரின் அக்குளில் இருந்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தான். வெறும் சுவரைப் படித்தவன் என்று மீஞ்சூர் முழுக்கச் சிரிக்கும். சாலிஹாவின் காதுக்கும் போகும். எழுந்து ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தான். அங்கே சுப்பராயனின் மாமன் நின்றிருந்தான், ரிங்கில் சாம்பியனுக்குத் தண்ணீர் கொடுப்பவன்.

யாரும் சிரிக்கவில்லை. திட்டவுமில்லை.

கம்பவுண்டர் அவன் முகத்தைப் பார்க்காமல் மேஜைக்குப் போனார். பேனாவை மையில் தொட்டு, இரண்டு கண்ணும் நன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

செகரெட்டரி வாயைத் துடைத்துக்கொண்டு மாமனைப் பார்த்தார்.

"லெப்ட்டு கண்ணுதாம்பா. போய் சொல்லிடு."

மாமன் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினான்.

கடிதம் எதற்கு வந்தது என்று அசனுக்கு அப்போதுதான் புரிந்தது. மதராஸ் சங்கத்துக்கு ஒரு சாம்பியன், மீஞ்சூர் சங்கத்துக்கு ஒரு சாம்பியன். அடுத்த வருஷம் இரண்டு பேரும் மோதுவதாகப் பேச்சு. அதுவரை வயதாகிப்போன சுப்பராயன் தோற்காமல் இருக்க வேண்டும். வீரராகவன் ரிங்கில் ஏறினால் சுப்பராயன் தோற்பான். பழவேற்காட்டுக்காரன் ஒரு பக்கம் தெரியாதவன் மாதிரி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான் என்று யாரோ இவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

சுப்பராயனின் கால்தான் தளர்ந்திருந்தது. வலது கை இன்னும் அப்படியேதான் இருந்தது. அது எந்தப் பக்கம் வந்து விழும் என்று அசனுக்குத் தெரியும். வருகிறபோதுதான் கண்ணுக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு பயத்தை அவன் பட்டதில்லை.

செகரெட்டரி காகிதத்தை அவன் பக்கம் தள்ளினார்.

"இன்னா சொல்ற? இஷ்டம் இல்லன்னா இப்பவே போய்க்கினே இரு. வேற ஆளு பாத்துக்கறோம்."

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டான் அசன்.