காலையில் ஊற்றிய மருந்து

இப்படிக் கிட்ட வாங்க, கண்ணுங்களா. அடுப்பில் ஏதாவது கொதித்தால் அணைத்துவிட்டே வாங்க. அடையாறில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சின்னக் கதைதான், ஆனால் வயிறெரிகிற கதை.

"யாரோட பிள்ளைன்னு சொல்லுங்க மேடம். பேரைச் சொல்லாம நான் இங்கேருந்து நகர மாட்டேன்!"

டே கேர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள் ரெனிட்டா. அவளுடைய ஒன்றரை வயது மகன் எரிக் வீட்டில் அப்பா மடியில் துவண்டு கிடந்தான். உள்ளங்கை, உள்ளங்கால், நாக்கு எல்லாம் கொப்புளம். ஒரு வாய்த் தண்ணீர் விழுங்க முடியாமல் இரண்டு நாளாக அலறுகிறான். "இது பிள்ளைங்க கூடற இடத்துலதான்மா தொத்தும்" என்று டாக்டர் சொன்னாரோ இல்லையோ, ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள்.

டே கேரை நடத்துகிற ஷில்பா மேடம் நீட்டிய சானிடைசரை ரெனிட்டா தொடவில்லை. வாசலுக்கு உள்ளே தரையில் ஒரு நீலக் கோடு. கிருமி வந்துவிடும் என்று பெற்றோர் யாரையும் அதைத் தாண்ட விடுவதில்லை. எரிக்கைச் சேர்த்து ஒரு மாதம் ஆகிறது. உள்ளே சுவர் என்ன நிறம் என்றுகூட ரெனிட்டாவுக்குத் தெரியாது. அவ்வளவு சுத்தம் என்று நம்பித்தான் விட்டாள்.

"மெதுவா மேம், மத்த பேரண்ட்ஸ் காதுல விழப்போகுது. காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆனாத்தான் பிள்ளையை உள்ள விடுவோம், உங்களுக்கே தெரியும். ஒரு அம்மா எங்களை ஏமாத்திட்டாங்க. காலையில காய்ச்சல் மருந்தை ஊத்திக் கொண்டு வந்துட்டா, பதினோரு மணி வரைக்கும் உடம்பு பச்சத் தண்ணி மாதிரி இருக்கும். நாங்க எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"ஏமாத்தினவளுக்கு இன்னும் இங்க இடமா?"

"இன்னிக்கே அனுப்பிடறேன். பேரு மட்டும் கேக்காதீங்க. அது ரூல்ஸ்."

"என் பிள்ளை நாக்குல கொப்புளம். உங்களுக்கு ரூல்ஸா?"

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துச் சந்துக்குள்ளிருந்து ஒருத்தி வந்தாள். வெளுத்த சுடிதார், தோளில் பை, பையின் வாயில் திணித்த ஒரு வலைத் தொப்பி, இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. அந்தக் குழந்தையின் வாயைச் சுற்றிலும் கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. வந்தவளின் நெற்றியில் குறுக்கே ஒரு சிவந்த கோடு, ரப்பர் அழுத்தினது போல. ஹெல்மெட் தடம் என்று நினைத்துக்கொண்டாள் ரெனிட்டா. ஊருக்கு நோயைப் பரப்பிவிட்டு மகாராணி வண்டியில் கிளம்பிவிட்டாளாக்கும்!

"நீதானா அவ?"

ஷில்பா மேடத்தின் முகம் செத்துப்போயிற்று. "தங்கம், நீ கெளம்பு. அப்புறம் பேசிக்கலாம்."

"எங்கே கெளம்பறது? நில்லுடி!" ரெனிட்டா வழியை மறித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் பாடுகிற வாய் அது. ஜென்மத்தில் யாரையும் 'டி' போட்டதில்லை.

தங்கம் அவளை உற்றுப் பார்த்தாள். "எரிக்கோட அம்மாவாக்கா? கொயந்த இப்ப தண்ணி முழுங்குதா?"

"என் பிள்ளை பேரை உன் வாயால சொல்லாதே! உன் பிள்ளைக்குக் காய்ச்சல்னு தெரியும்ல? தெரிஞ்சுதானே மருந்தை ஊத்தி மறைச்சே?"

"தெரியும்கா."

"ஒத்துக்கறதைப் பாரு, கொஞ்சமாச்சும் கூசுதா! உன் பிள்ளைக்கு ஒரு நியாயம், ஊர்ப் பிள்ளைக்கு ஒரு நியாயமா?"

குழந்தை சிணுங்கியது. தங்கம் அதை மறு இடுப்புக்கு மாற்றி, முதுகைத் தட்டிக் கொடுத்தாள். "வூட்ல பாத்துக்க ஆள் கெடையாதுக்கா. வேலைக்கு வராம இருக்க முடியாது."

"எனக்கு மட்டும் பத்துப் பேர் நிக்கறாங்களா? ரெண்டு நாளா நானும் அவரும் வேலைக்குப் போகாம, மாத்தி மாத்தி மடியில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். பெத்தா அதுதான். ஒரு நாலு நாள் லீவு கேக்க உனக்கு வாய் இல்லையா? உன்னை வேலைக்கு வெச்சிருக்கிறவங்க என்ன ராட்சசங்களா?"

ஷில்பா மேடம் அவசரமாக இறங்கி வந்து ரெனிட்டாவின் கையைப் பிடித்தாள். "விடுங்க மேம். இந்த மாதிரி ஆளுங்ககிட்ட எல்லாம் பேசிப் பிரயோஜனம் இல்ல. நீங்க உள்ள வாங்க, ஏசியில உட்கார்ந்து பேசலாம்."

"நீங்க சும்மா இருங்க மேடம். உங்க பேரையும் சேர்த்துக் கெடுத்தவ இவ. இன்னிக்கு விட்டா நாளைக்கு வேற எங்கயாவது போய் இதையே செய்வா." ரெனிட்டா கையை உதறிக்கொண்டு திரும்பினாள். "சொல்லுடி. லீவு கேட்டியா, இல்லையா?"

தங்கத்தின் கண் ரெனிட்டாவை விட்டு நகர்ந்து, ஷில்பா மேடத்தின் மேல் போய் நின்றது.

"கால்ல வியாத கொறையா கேட்டேன்கா. 'நீ வரலேன்னா இங்க இருவது புள்ளைங்களுக்கு யாரு சமைக்கறது'ன்னு இந்த மேடம்தான் குடுக்கல."

போய் வாங்க, கண்ணுங்களா. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நோவே அண்ட வேண்டாம். அண்டினாலும், அதன் நெற்றியில் கை வைத்து உட்கார உங்களுக்கும், உங்கள் பிள்ளைக்குச் சோறு பொங்குகிறவளுக்கும் நாள் கிடைக்கட்டும்.