ஒருத்தரைக் கை காட்டுங்க

"யாராவது ஒருத்தர் கீழே விழுந்து கிடக்கணும்" என்று டீச்சர் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. அதனாலேயே என்னைப் பிடித்துப் படுக்க வைத்துவிட்டார்கள்.

தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் போடுகிற ஹால். சிமெண்டுத் தரையில் சாக்கை விரித்துக் கிடந்தேன். தீக்குச்சி மருந்து வாடை தரையோடு படுத்தால்தான் இவ்வளவு தெரிகிறது.

டீச்சர் பெயர் ஐஸ்வர்யா. கல்லூரியில் மனசைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள். ஆபத்தில் ஓடி உதவுகிற குணம் யாருக்கும் பழக்கத்தில் வரும் என்று சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறாள். சுவரில் 'நீங்களும் ஹீரோதான்' என்று பேனர்.

"ஹீரோன்னா சண்டையெல்லாம் போடணுமா டீச்சர்?" என்றாள் ராமலட்சுமி. அவளுக்கு எதிலும் விளையாட்டுத்தான்.

சண்டை வேண்டாம், ஒரு விரல் போதும் என்றாள் டீச்சர். கூட்டத்தில் ஒருவர் விழுந்தால், அடுத்த ஆள் பார்த்துக்கொள்வார் என்று ஆளாளுக்கு நின்றுவிடுவார்களாம். அதனால் 'யாராவது வாங்க' என்று கத்தக் கூடாது. ஒரு ஆளைக் கை காட்டி, இன்ன வேலையைச் செய் என்று சொல்ல வேண்டும். அப்புறம் அந்த ஆளால் சும்மா நிற்க முடியாதாம்.

ராமலட்சுமி என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து விரலை நீட்டினாள். "ஏட்டி சுகுணா, நீதான், நூத்தியெட்டுக்குப் போன் போடு!"

சுகுணா ஓடினாள். முத்துத்தாய் முந்தானையால் விசிறினாள். ராமலட்சுமி என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள்.

இந்தக் கைகளை எனக்குத் தெரியும். போன வருஷம் கோயில் கொடைத் திருவிழாவில் என்னைப் பிடித்து நிறுத்தியவை இவைதான்.

என் வீட்டுக்காரர் எங்கள் ஊர் மாடசாமி கோயிலில் சாமியாடி. மணி கோத்த சல்லடத்தை இடுப்பில் கட்டி ஆடிக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்தார். சாமி வந்த உடம்பை யாரும் தொடக் கூடாது, தானாக எழுந்து குறி சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் ஊர் வழக்கம் அது. வாயோரம் நுரை வந்தது. மாடசாமி அய்யா இன்றைக்கு உக்கிரமாக இருக்கிறார் என்றார்கள். மேளம் இன்னும் வேகம் பிடித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். நான் பொங்கல் பானையை விட்டுவிட்டு ஓடினேன். சாமி குத்தமாகிவிடும் என்று இவர்கள் என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். மொத்த ஊரும் கும்பிட்டபடி நின்றது.

டீச்சர் சொன்னது அங்கே கொஞ்சம் மாறித்தான் நடந்தது. அடுத்த ஆள் பார்த்துக்கொள்வார் என்று யாரும் நினைக்கவில்லை. அய்யா பார்த்துக்கொள்வார் என்றுதான் நின்றார்கள்.

மேளக்காரர்களுக்குக் கை ஓய்ந்த பிறகுதான் அவர் எழப்போவதில்லை என்று தெரிந்தது. நெஞ்சு நின்றுபோயிருந்தது. அய்யா கூட்டிக்கொண்டார், யாருக்குக் கிடைக்கும் இந்தச் சாவு என்று வீடு தேடி வந்து சொன்னார்கள். சரி என்று தலையாட்டினேன். அன்றையிலிருந்து எதற்கும் தலையாட்டுகிறேன். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. சோறு உப்பில்லாமல் இருந்தால்கூடத் தெரிவதில்லை.

ஹாலில் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்றேன். படுத்துக் கிடந்ததில் கொண்டை அவிழ்ந்து முடி முதுகில் கிடந்தது. அள்ளி முடியத் தோன்றவில்லை.

"இப்ப நீங்க கூப்பிடுங்கம்மா" என்றாள் டீச்சர். ராமலட்சுமி சிரித்துக்கொண்டே என் இடத்தில் படுத்தாள். "பயப்படாதீங்க, சும்மா ஒத்திகைதான்."

பயம் என்று எனக்கு மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான்.

வருகிற செவ்வாய்க்கிழமை கொடை. கோயிலில் பந்தக்கால் நாட்டியாகிவிட்டது. சாமி எங்கள் வீட்டை விட்டுப் போகாதாம். சல்லடத்தை என் மகன் முத்துசெல்வம் கையில் கொடுத்துவிட்டார்கள். அவனும் விரதம் இருக்கிறான். அவனுக்கும் அப்பாவின் நெஞ்சுதான், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆட விடாதீங்க என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஊரில் ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தேன். பொம்பளை பேச்சு என்று போய்விட்டார்கள்.

சுற்றிலும் பார்த்தேன். வாசலோரம் சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். இங்கே போர்மேன், ஊரில் கோயிலுக்குத் தலைவர். போன வருஷம், "யாரும் தொடாதீங்க" என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

விரலை நீட்டினேன். கை உதறியது. குரல் எங்கிருந்தோ வந்த மாதிரி இருந்தது.

"சங்கிலிப்பாண்டி! ஒன்னியத்தான் சொல்லுதேன். செவ்வாக்கெழம எம்மவன் விழுந்தா நீதான் மேளத்த நிறுத்தணும். நீதான் மொதல்ல தொட்டுத் தூக்கணும்."

அண்ணாச்சியை நான் அதுவரை பேர் சொன்னதில்லை. நீ என்றும் சொன்னதில்லை.

ராமலட்சுமி தரையில் கிடந்தபடியே கண்ணைத் திறந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

டீச்சர் மட்டும் கை தட்டினாள். "சூப்பர்மா! பேரு, வேலை, ரெண்டையும் சொல்லிட்டீங்க."

அண்ணாச்சி என் அவிழ்ந்த முடியைப் பார்த்தார். உதறுகிற கையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டார். இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேராகக் குவிந்தன.

"உத்தரவு அய்யா" என்றார்.

முத்துத்தாய் குலவையிட்டாள். சுகுணா கும்பிட்டாள். தரையில் கிடந்தவள் எழுந்து கும்பிட்டாள். என்னைத் தொட ஒருவரும் கிட்டே வரவில்லை.

நான் சொர்ணத்தாய்தான், சாமி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

சொல்லவில்லை. விரலையும் இறக்கவில்லை.