மூன்று பேருக்கும் ஒரே புத்தகம்

ஆளுக்கொரு புத்தகம் எடுத்து வை என்றாள் என் நாத்தனார் டொரீனா.

கணவரை மண்ணில் வைத்தாயிற்று. அன்று உறவுகள் கலையும் நாள். வெளியே இரண்டு வண்டிகள் நின்றன. மூத்தவள் அக்கேயோவின் மூட்டை ஒன்றில் ஏறிவிட்டது. அவள் பெரியப்பா ஒவிட்டியோடு கிசுமுவுக்கு. நடுவன் ஒப்போண்டோ டொரீனாவோடு நகூருவுக்கு. கடைக்குட்டி அவினோ மட்டும் என்னோடு.

முந்தின நாளே ஆண்கள் கூடிப் பேசி முடித்திருந்தார்கள். என்னிடம் சொன்னார்கள். என்னைக் கேட்கவில்லை.

"உனக்கும் ஒண்ணை விட்டுட்டுத்தானே போறோம், அக்கேயோ அம்மா. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே. மீன் காயவச்சு வித்து மூணு வயித்தை எப்படி நிரப்புவே?" என்றாள் டொரீனா.

"இவ்வளவு நாளும் பாதி வயித்தை அந்த மீன்தான் நிரப்புச்சு" என்றேன்.

அவள் காதில் வாங்கவில்லை. அலமாரியிலிருந்து தானே எடுத்து வைத்தாள். சின்னவளுக்குப் படம் போட்ட முயல் கதை. நடுவனுக்குப் பந்தாட்டக் கதை. மூத்தவளுக்கு விடுதிப் பள்ளிக்கூடக் கதை. வயதுக்கு வயது பிரித்துவிட்ட திருப்தி அவள் முகத்தில் தெரிந்தது.

மூன்றையும் எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

எங்கள் வீட்டில் வயதுக்கொரு புத்தகம் இருந்ததில்லை. படகுத்துறை வேலை முடிந்து வந்ததும் அவர் வாசிப்பார். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம். மூவரும் வந்து உட்கார்ந்தால்தான் தொடங்குவார்.

அதற்கேற்ற புத்தகத்தைத் தேடுவது பெரும்பாடு. பதின்மூன்று வயதுக்காரிக்குச் சலிக்கக் கூடாது. ஒன்பது வயதுக்காரனுக்கு ஆபத்து வேண்டும். ஐந்து வயதுக்காரிக்குப் பெயர் வைத்த மிருகம் ஒன்றாவது வேண்டும்.

பெரியவளை மனதில் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பார். சிறுசுகள் புரியாத இடங்களைத் தாண்டிக் குதித்து வந்துவிடும். பெரியவள் கொட்டாவி விட்டால் மூன்றும் எழுந்து போய்விடும்.

அப்படித் தேறியவை கொஞ்சம்தான். அவற்றில் நீல அட்டை போட்டதை எடுத்தேன். ஏரியைக் கடக்கக் கிளம்பிய மூன்று பிள்ளைகள், ஆளுக்கொரு சிறு படகு, சார்ஜன்ட் என்றொரு வெள்ளாடு. அவர் நிறுத்திய இடத்தில் படகுச் சீட்டு ஒன்று செருகியிருந்தது.

மாமரத்தடியில் ஒவிட்டி எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

சாவு வீட்டிலிருந்து மூத்தவர்தான் முதலில் கிளம்ப வேண்டும். அவர் கால் வாசலைத் தாண்டாமல் வேறு யார் காலும் தாண்டக் கூடாது. டொரீனாவின் டிரைவர் வண்டியை எவ்வளவு உறுமவிட்டாலும் சரி.

ஆக, நான் நிறுத்த வேண்டியது ஒரே ஓர் ஆளை.

அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன். பிள்ளைகளைக் கூப்பிட்டேன். மூவரும் வந்து ஒட்டிக்கொண்டார்கள்.

"உங்க தம்பி பாதியில விட்டுட்டுப் போனது, பெரியத்தான். ஒரு அத்தியாயம். கேட்டுட்டுக் கிளம்புங்க."

"இப்பவா?" என்றார். தம்பியின் பெயரில் கேட்டதை, அவனைப் புதைத்த மண் காயாத வாசலில் வைத்து மறுக்க அவரால் முடியவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வாசித்தேன்.

ஏரியில் காற்று கிளம்புகிறது. அலை மூன்று படகுகளையும் மூன்று பக்கம் இழுக்கிறது. கரையிலிருந்து பெரியவர்கள் கத்துகிறார்கள், ஆளுக்கொரு கரையைப் பிடியுங்கள், பிழைத்துக்கொள்வீர்கள் என்று. மூத்தவள் கேட்கவில்லை. சார்ஜன்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துத் தன் படகைத் தம்பியின் படகோடு கட்டுகிறாள். தம்பி சட்டையைக் கிழித்து முறுக்கித் தங்கையின் படகை இழுத்துக் கட்டுகிறான். கத்துகிறவர்கள் கத்தட்டும், ஏரியைக் கடப்பது நாம்தான் என்கிறாள் அவள்.

அத்தனை நாள் அழுத தொண்டை அன்று கம்மவில்லை. ஒவ்வொரு சொல்லும் வண்டிவரை கேட்கும்படி வாசித்தேன். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டான்.

புத்தகத்தை மூடினேன்.

ஒவிட்டி காத்திருந்தார். நான் திறக்கவில்லை.

"அந்தக் கயிறு தாங்குச்சா?"

"நாளைக்கு வாசிக்கிறேன். மூணு பேரும் இப்படி என் பக்கத்துல உட்கார்ந்திருந்தா."

"ஒரு கதைக்காகவா அண்ணே உட்கார்ந்துட்டீங்க? நகூரு என்ன அடுத்த தெருவுலயா இருக்கு?" என்றாள் டொரீனா.

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. பிள்ளைகளைப் பார்த்தார். ஒவ்வொருவராக இல்லை, மூவரையும் சேர்த்து. பிறகு தன் டிரைவரைக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு மூட்டையை இறக்கு."

மறுநாள் அடுத்த அத்தியாயத்தைக் கேட்டுவிட்டு அவர்தான் முதலில் கிளம்பினார், தன் பையோடு மட்டும். பின்னால் டொரீனா. அவள் வண்டி நிறைய முணுமுணுப்பு இருந்தது. பிள்ளை இல்லை.

ஒன்றை மட்டும் ஒவிட்டிக்குக் கடைசிவரை நான் சொல்லவில்லை.

அந்தப் புத்தகத்தை என் கணவர் வாசித்துக்கொண்டிருந்தது இரண்டாம் முறை. அச்சில், அந்த அத்தியாயத்தில், கயிறே கிடையாது. மூன்று படகுகளும் மூன்று கரைக்குப் போகும். பிள்ளைகளுக்கு அது மனப்பாடம்.

அவர் ஒரு சொல்லை மாற்றினாலும் அவினோ பக்கத்தின்மேல் கையை வைத்து நிறுத்திவிடுவாள். அப்படி இல்லப்பா என்பாள்.

அன்றும் கயிறு வந்த இடத்தில் அவள் கை நீண்டது. ஒப்போண்டோ அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

நான் புரட்ட மறந்திருந்த பக்கத்தை அக்கேயோ புரட்டினாள்.