கடைசிக் குமிழி

நிகிஃபருக்கு அவசரமே இல்லை. பனிவண்டியின் எண்ணெய் பம்புக்கு அடியில் ஒரு காப்பி டப்பாவை வைத்து, மறையாணியை அரைச் சுற்று தளர்த்திவிட்டு, எண்ணெய் துளித் துளியாகச் சொட்டுவதைக் குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கிறவர்கள் மீன் பிடிக்க உட்கார்ந்திருக்கிறான் என்றே நினைப்பார்கள்.

கொட்டகை வாசலில் நின்ற அவன் தங்கை நஸ்தாசியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் புருஷன் வசிலி நேற்று சாயங்காலம், உறைந்து கிடக்கும் குஸ்கோக்விம் ஆற்றின் மேல் வண்டியை விட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினான். நாற்பது மைல். காலையில் அந்த ஊர்க்காரர்கள் ரேடியோவில் கூப்பிட்டு, "இங்க யாரும் வரலையே" என்றார்கள்.

ராத்திரி முழுக்கப் பனிப்புயல். குளிர், பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது. விமானம் எழும்ப வழியில்லை. ஊரில் ஓடுகிற வண்டிகளெல்லாம் தேடப் போய்விட்டன. மிச்சம் நிகிஃபருடையதுதான். அதிலும் எண்ணெய்க் குழாய் குளிரில் வெடித்துப்போய், இப்போதுதான் புதுசு மாட்டியிருந்தான்.

"குழாய் மாட்டியாச்சில்ல, கிளம்பேண்ணே!"

"உள்ள காத்து நிக்குது. காத்து நின்னா பம்பு எண்ணெய இழுக்காது. எண்ணெய் போகலைன்னா பிஸ்டன் இறுகி நடுவழியில நின்னுரும்."

"எனக்கே பாடமா? பெட்ரோல்ல கொஞ்சம் எண்ணெயக் கலந்துட்டா ஒரு டாங்க் ஓடுமே!"

"அதையும் கலந்தாச்சு."

"அப்புறம் என்ன எழவுக்கு உக்காந்திருக்க?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் நிமிரவில்லை. டார்ச் அடித்துக் குழாயைப் பார்த்தான். கடுகளவு குமிழி ஒன்று நடுவில் ஒட்டிக்கொண்டு நின்றது. விரலால் சுண்டினான். நகரவில்லை. எண்ணெய் பாகாக இறுகியிருந்தது. கோட்டுக்குள் வைத்துச் சூடாக்கிய பாட்டிலை எடுத்துத் தொட்டியில் இன்னும் கொஞ்சம் ஊற்றினான்.

நஸ்தாசியாவின் வீட்டில் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி டீ போட்டாள். இன்னொருத்தி பெரிய பானையில் கடமான் சூப்பை ஏற்றினாள். வசிலியின் பேரை மட்டும் யாரும் எடுக்கவில்லை. சாவு விழுந்த வீட்டில்தான் அப்படி வந்து சமைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் இங்கே ஓடி வந்திருந்தாள்.

"எல்லாரும் பாதி வழியில இருக்கற ஏரிப் பக்கம் போயிருக்காங்க. வழி தப்பறவங்க அங்கதான் தப்புவாங்களாம். நீயும் அங்கயே போ."

"ஏரி வரைக்கும் போயிருக்க மாட்டான். பத்து மைலுக்குள்ளதான் தேடணும்."

"நீ என்ன, பின்னாடியே போய்ப் பார்த்தியா?"

குமிழி மெல்ல நகர்ந்து ஆணிப் பக்கம் வந்து, டப்பாவில் உடைந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று கிளம்பியது.

"பயமா இருந்தா பயம்னு சொல்லிடு. சாவியக் குடு, நான் ஓட்டிக்கறேன்!" அவள் கையுறையைக் கழற்றி அவன் முதுகிலேயே அடித்தாள். "இந்த வருஷம் முதல் கடமான் விழுந்ததும் தொடைக்கறிய அவரு யாருக்குக் குடுத்தனுப்பினாரு? உனக்குத்தானே? அந்த மனுஷன் அங்க விறைச்சுக் கிடக்கறாரு, நீ இங்க குமிழி எண்ணிட்டு இருக்க. நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

அடியை வாங்கிக்கொண்டு, விளக்கைக் குழாயை விட்டு நகர்த்தாமல் இருந்தான்.

அலமாரியில் இருந்த ரேடியோ கரகரத்தது. ஏரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் பேசினான்.

"வண்டி கிடைச்சிருச்சு. ஒன்பதாவது மைல்ல, பனிக்குள்ள புதைஞ்சு கிடக்கு. ஆள் இல்ல. நடக்க ஆரம்பிச்சிருக்கான் போல. தடமெல்லாம் காத்துல மூடிப் போச்சு."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

நஸ்தாசியா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். நாற்பது டிகிரிக் குளிரில், புயலில், ஒரு ராத்திரி. அவளுக்குக் கணக்குப் போடத் தேவையிருக்கவில்லை. அழுகைகூட வரவில்லை.

"ஒன்பது மைல்..." என்றாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். "பத்து மைலுக்குள்ளன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நிகிஃபர் ஆணியை இறுக்கினான். இப்போது குழாயில் ஒரு குமிழிகூட இல்லை. அவன் முதல் தடவையாகத் தங்கையின் முகத்தைப் பார்த்தான்.

"நேத்து மாப்பிள்ளை வண்டிக்குக் குழாய் மாத்திட்டு, பாஸ்கெட்பால் ஆட்டத்துக்கு நேரமாச்சுன்னு நான் காத்து எடுக்கல நஸ்தா."