அக்காவின் திரை

மொழிபெயர்ப்பாளரான அக்காவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. போனது திரும்பாது என்று கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். வேலையை விட அவளுக்கு மனமில்லை. தங்கை வந்து, அவளுடைய லினக்ஸ் கணினியில் எழுத்தின் அளவை இருபத்துநாலாக்கி, ஐகான்களையும் பெரிதாக்கிக் கொடுத்தாள்.

“சின்னப் பிள்ளைங்க பாடப் புத்தகம் மாதிரி இருக்குடி,” என்றாள் அக்கா. ஆனாலும் அன்றே பாதியில் நின்ற நாவலைத் தொடர்ந்தாள்.

அடுத்த மாதம் தங்கை வந்தபோது எழுத்துகள் சிறுத்திருந்தன.

“நீயா கொறச்ச?”

“நான் எதையும் தொடலையே.”

தங்கை கணினியின் அமைப்புகளைத் திறந்து பார்த்தாள். அளவு இருபத்துநாலு என்றே இருந்தது. கணினியை அணைத்துப் போட்டும் ஒன்றும் மாறவில்லை.

“பெருசாக்கட்டுமா?”

“வேணாம். இதுவே வசதியாத்தான் இருக்கு.”

மழைக்காலம் முடிந்து அவள் மறுபடி வந்தாள். ஐகான்கள் கடுகாகச் சுருங்கியிருந்தன. வரிகள் வெறும் சாம்பல் கோடுகளாகத் தெரிந்தன. மூக்கு திரையில் இடிக்கும்படி குனிந்தும் ஓர் எழுத்துகூட அவளுக்குப் பிடிபடவில்லை. அமைப்புகளைத் திறந்தாள், அங்கிருந்த எண்ணையும் படிக்க முடியவில்லை.

“இருபத்துநாலுதான் போட்டிருக்கு,” என்றாள் அக்கா. அவள் அறையின் மறுகோடியில் ஜன்னலோரம், கண்ணாடி போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

தங்கை மவுஸிலிருந்து மெல்லக் கையை எடுத்தாள்.

“கொஞ்சம் தள்ளி உக்காருடி, மறைக்குது. கடைசி அத்தியாயம் முடிச்சிட்டேன். படிக்கிறேன், கேளு.”

தங்கை தரையில் உட்கார்ந்தாள். அக்கா இருந்த இடத்திலிருந்தே, ஓரிடத்திலும் தடுக்காமல், படித்துக்கொண்டே போனாள்.