பொன்னி உருட்டிய சுஷி

செங்கம் ரோட்டுச் சந்தில், பரோட்டா விலைக்கே சுஷி கிடைக்கிற சின்னக் கடை. மத்தியான வெயிலில் தகரக் கூரை டப்பென்று சத்தமிடுகிறது. செங்கல் லோடு இறக்கிவிட்டு வந்த மாறன், பெண்டாட்டி பொன்னி இங்கே உருட்டுவதை இன்றைக்குத்தான் முதல்முறையாகத் தின்னப்போகிறான். வீட்டில் சோறு பிடிக்காவிட்டால் குத்துக்காலிட்டபடி நாலு வாய் அள்ளிப்போட்டு எழுந்துவிடுகிற ஆள். பிடித்தால்தான் சம்மணம் போடுவான். "இன்னாடி, சோத்துக்குக் கறுப்புத் துணி போத்தி வச்சிருக்க?" "கடல்பாசி மாமா. வாயில போட்டுட்டுப் பேசு." நகக்கண்ணில் செங்கல் தூள் ஒட்டிய விரல்கள் ஒன்றை எடுக்கின்றன. வெள்ளரிப்பிஞ்சு நறுக்கென்று கடிபடுகிறது. சமையல்கட்டு சன்னலுக்குள் பொன்னியின் கத்தி அப்படியே நிற்கிறது. "புளிக்குது. நேத்து சோறா?" "வினிகர் ஊத்துனது மாமா, காலைல வடிச்ச சோறுதான்."  மாறன் இன்னொன்றை வாயில் போட்டு மெதுவாக மெல்கிறான். பிறகு செருப்பை உதறிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலி முனக, இரண்டு கால்களையும் மேலே மடித்துப் போட்டுக்கொள்கிறான்.