குச்சியொடி டுவைன்

“என்ன கார்லா, இந்த வருஷமாவது மாப்பிள்ளை குச்சியை ஒடிக்காம இருப்பாரா?”

அண்ணன் ரஸ் கேட்டான். பின்வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள்.

கார்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன செய்வது? கட்டிக்கொண்டது அப்படி.

மாவட்டத் திருவிழாவில் கார் முட்டும் பந்தயம். மற்ற ஊரில் காரை இடித்தால் போலீஸ் வரும். அமெரிக்காவின் இந்த விஸ்கான்சினில் இடிக்காவிட்டால்தான் அவமானம். ஓட்டுபவரின் கதவில் ஒரு வெள்ளை மரக்குச்சி நிற்கும். இனி முடியாது என்றால் கையை நீட்டி அதை ஒடித்துவிட வேண்டும். ஒடித்த காரை யாரும் தொடக்கூடாது. நிற்கிற குச்சியென்றால் எவ்வளவு வேண்டுமானாலும் முட்டலாம்.

அவள் புருஷன் டுவைன் லேசாகப் புகையைக் கண்டால் போதும், படக்கென்று ஒடித்துவிடுவான். ‘குச்சியொடி டுவைன்’ என்று ஊரே பட்டம் கொடுத்திருந்தது. கார்லாவின் அப்பாவும் அண்ணனும் ஆயுளில் ஒரு குச்சியும் ஒடித்ததில்லை. மூக்கு, விலா என்று மற்றதெல்லாம் ஒடித்துக்கொண்டவர்கள். கௌரவமான குடும்பம்.

இந்த முறை மகன் டிரெவரும் இறங்குகிறான். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் இரண்டு கார் தயாரானது. வெல்டிங் வேலை டுவைன், எஞ்சின் வேலை டிரெவர், வாய் வேலை கார்லா.

“அவன் அப்பன் மாதிரி இல்லண்ணே,” என்றாள். “இன்னிக்குப் பாரு.”

கொடி அசைந்தது. பத்துக் கார்களும் சேற்றில் பின்னோக்கிப் பாய்ந்து ஒன்றையொன்று முட்டின. டிரெவர் ஒரு சிவப்புக் காரின் முகத்தைச் சப்பையாக்கினான். கார்லா கையிலிருந்த பொரித்த பாலாடைக்கட்டியை ஆகாசத்தில் எறிந்துவிட்டுக் கத்தினாள்.

அடுத்த இடியில் டிரெவரின் எஞ்சின் நின்றது. சக்கரம் ஒன்று கழன்று தொங்கியது. பின்னாலிருந்து ஒரு இடி, பக்கத்திலிருந்து ஒரு இடி.

“ஏய், பையன் குச்சியைப் பிடிக்கிறான் பாரு!” ரஸ் எழுந்து நின்றான். “அப்பன் புத்திதானே வரும்!”

“பிடிப்பான். ஒடிக்க மாட்டான்,” என்றாள் கார்லா.

ஒடிக்கவில்லைதான். இன்னொரு இடி விழுந்தது. அதையும் தாங்கினான். கார்லாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் டுவைன் அந்தக் காரியத்தைச் செய்தான். முட்டிக்கொண்டிருந்த சண்டையை விட்டுவிட்டு, காரைத் திருப்பிக்கொண்டு வந்து மகன் காருக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினான். டிரெவருக்கு விழ வேண்டிய மூன்று இடியையும் தான் வாங்கினான்.

கூட்டம் ஊளையிட்டது. இரண்டு பேர் சேர்ந்து ஆடுவது இங்கே பெரிய பாவம். சிவப்புக் கொடி ஏறியது. அப்பன், மகன் இருவரும் வெளியே.

கார்லா படிகளில் தடதடவென்று இறங்கி, சேற்றோரம் ஓடினாள்.

“ஏன்யா, உனக்குத்தான் வெட்கம் இல்ல, பிள்ளை மானத்தையும் வாங்கணுமா? முந்தானைக்குள்ள வச்சு வளர்க்கிற பொம்பளைகூட இப்படிச் செய்யமாட்டா!”

டுவைன் ஹெல்மெட்டைக் கழற்றினான். நெற்றியில் ரத்தம். மகனை ஜன்னல் வழியாக வெளியே இழுத்தான்.

டிரெவருக்கு உதடு கிழிந்திருந்தது. இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்திருந்தன.

“ஒடியலப்பா,” என்றான். “ரெண்டு கையாலயும் இழுத்தேன். குச்சி ஒடியவே இல்ல. செத்தேன்னு நெனச்சேன்.”

நடுவர் வந்து குச்சியைப் பிடித்து இழுத்தார். அவராலும் முடியவில்லை. திருகிக் கழற்றிப் பார்த்தார். சுத்தியலின் பிடி. இரும்பு மாதிரி கெட்டி மரம். குச்சி அளவுக்குச் செதுக்கி, மேலே வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தது.

“எந்தப் பாவி இதை மாட்டினது? பையன் செத்திருப்பான்யா!”

டுவைன் பிடியைக் கையில் வாங்கினான். அது அவனுடைய சுத்தியலின் பிடிதான். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். பிறகு கார்லாவைப் பார்த்தான்.

“நான்தான்,” என்றான்.

“இனி இந்த மண்ணுல நீ கார் ஓட்டக் கூடாது. பார்க்கக்கூட வராதே,” என்றார் நடுவர்.

பின்னாலேயே வந்திருந்த ரஸ் காறித் துப்பினான். “தன் குச்சியை மட்டும் தீக்குச்சியா ஒடிப்பாராம். பெத்த பிள்ளைக்கு ஒடியாத குச்சியாம். நீயெல்லாம் ஒரு அப்பனாய்யா!”

டிரெவர் அப்பாவின் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

“ஏம்பா? நான் உங்களுக்கு என்னப்பா செஞ்சேன்?”

டுவைன் தரையைப் பார்த்தபடி நின்றான். அவன் கண் கலங்கியதை யாரும் மதிக்கவில்லை.

“சொல்ல மாட்டேங்கிறாரு. நீயாவது கேளும்மா,” என்றான் டிரெவர், அழுதபடி.

“உங்கப்பாகிட்ட எதைக் கேட்டு என்ன ஆகப்போகுது, வாடா,” என்றாள் கார்லா, நகக்கண்ணில் காய்ந்திருந்த வெள்ளைப் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டே.